கழுவக் கூடாத நூல்

இன்று காலையில் இருந்து மழை. கதவு ஜன்னலெல்லாம் சாத்திக் கிடப்பதால் இளையவளின் அறையில் இருந்து அந்த மணம் கூடத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. புளித்த கஞ்சியும் பருத்தியும் சாயமும் கலந்த மணம். நீ மௌத்தாகிப் போன பிறகு இரண்டு வருஷமாக இந்த வீட்டில் இல்லாமல் இருந்தது. நான் இரண்டு தடவை தும்மிவிட்டேன். முப்பது வருஷமாக உன்னோடு சண்டை பிடித்த அதே தும்மல்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உன் கபுறடிக்கு வந்தபோதே இதைச் சொல்லிவிட நினைத்தேன். வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இளையவளின் கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது அவள் எதிர்வளவுத் தறிக் கொட்டிலுக்குப் போய், துணியை அறுத்து இறக்கிய பிறகு பாவில் மிஞ்சுகிற முழநீளக் கழிவு நூலை ஒரு உரப்பை நிறையக் கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கதிரைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"என்ன மகள் இது?"

"அறைக்குத் தோரணம் கட்ட வாப்பா. உம்மா கட்டுற நூல்பூத் தோரணம். கடையில வாடகைக்கு எடுக்கிற பிளாஸ்டிக் பூ எனக்கு வேணாம். அது ஒண்டுதான் நான் ஒங்ககிட்டக் கேக்கிற."

"ஓம், கட்டுவம்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

மாப்பிள்ளை வந்து இறங்குகிற அறை. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மாதக் கணக்கில் கதைக்கப்போகிற அறை. நானும் ஒருநாள் கல்முனைக்குடியில் இருந்து மாப்பிள்ளையாக வந்து, இதே வளவில் அப்போதிருந்த பழைய வீட்டில் இப்படியொரு அறையில்தான் இறங்கினேன். கட்டிலுக்கு மேலே நாலு மூலையில் இருந்தும் உன் நூல்பூக்கள் தொங்கின. நான் உட்கார்ந்ததும் தும்மினேன். நிறுத்த முடியாமல் தும்மினேன். முக்காட்டுக்குள் இருந்து நீ என்னிடம் கதைத்த முதல் வார்த்தை, "தடிமனா?" என்பதுதான். அப்போதாவது அந்தப் பூவை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் இல்லை.

கந்தோரில் இருபத்தெட்டு வருஷம் கோப்பு அடுக்கியவன் நான். ஒரு பொருள் இருந்தால் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் எனக்கு. உனக்கோ, ஒரு பொருள் இருந்தால் அது வேறொரு பொருளாக வேண்டும். யோகட் கப் பூச்சாடியாகும். என் பழைய சாரன் கடிதம் செருகுகிற பையாகிச் சுவரில் தொங்கும். முட்டை வைக்கிற அட்டையை ஊறவைத்துப் பிசைந்து, அழகாகச் சாயம் பூசி ஒரு கிண்ணம் செய்து வைத்திருந்தாய். நான் அதில் மீன் ஆணத்தை ஊற்றிவிட்டேன். மேசையெல்லாம் ஓடியது. நீ சிரித்தாய். நான் ஏசினேன். போதாதற்கு எனக்கு மணல் பைத்தியம் வேறு. கடற்கரை ஊரில் பிறந்துவிட்டு, வீட்டுக்குள் மணல் வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்பவன் வேறு யாராவது உண்டா?

அப்படிப்பட்டவன் கையில் அந்த உரப்பையை விட்டுவிட்டு இளையவள் சட்டை தைக்கக் கொடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். நான் செய்த வேலையைக் கேள். புது மாப்பிள்ளையும் என்னைப் போலத் தும்மக்கூடாது என்று, நூல் முழுவதையும் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், பெரிய வாளியில் சவுக்காரம் கரைத்து ஊறவைத்தேன். கசக்கினேன். தண்ணீர் தெளியும்வரை மூன்று தடவை அலசிக் கொடியில் போட்டேன். மணம் போய்விட்டது என்று பெருமைகூடப் பட்டேன்.

பின்னேரம் அவள் வந்து முதல் பூவைக் கட்டினாள். கையை எடுத்ததும் அது நனைந்த கோழி மாதிரிச் சரிந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

"வாப்பா, இதக் கழுவினீங்களா?"

"ஓம். மணமாக் கிடந்திச்சி."

"கஞ்சி போட்ட நூல் வாப்பா இது. கஞ்சி இரிக்கிறதாலதான் பூ நிமிந்து நிக்கிற. உம்மா ஒங்களுக்குச் சொல்லல்லயா?"

சொன்னாய். அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருநாள் நான் உன் நூல் மூட்டையைக் கிணற்றடிக்குத் தூக்கியபோது, மாப் பிசைந்த கையோடு அடுப்படியில் இருந்து ஓடி வந்தாய். "அதுக்குத் தண்ணி காட்டிராதங்க மச்சான்" என்றாய். என்னத்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஒனக்கு ஊத்தையும் சொத்துத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கஞ்சி காய்ச்சி மறுபடியும் நனைத்துப் பார்த்தோம். சிக்கெடுக்க ஏலாமல் கட்டி கட்டியாகக் காய்ந்தது. விடிந்து பார்த்தால் கொடி முழுக்க எறும்பு. இளையவள் எதிர்வளவுக்குப் போய் இன்னொரு பை நூல் கொண்டுவந்தாள். இந்த முறை அதைத் தன் அறையில் வைத்துக் கதவைப் பூட்டினாள். நான் குற்றம் சொல்ல முடியாது.

நூல் வந்தது. கட்டு வரவில்லை. நீ கட்டுவதைச் சின்னதில் அவள் பார்த்திருக்கிறாள், ஆனால் கை மறந்துவிட்டது. கட்டினால் கழன்றது, இறுக்கினால் ஒரு பக்கம் சாய்ந்தது. "உம்மா ஒரு பூவுக்கு எத்தின நூல் எடுப்பா வாப்பா?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? நூறு தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருப்பேன். அப்போதெல்லாம் நான் பார்த்தது தரையில் விழுந்த பஞ்சை. நீயும் எங்காவது எழுதி வைத்தாயா? உனக்கு எல்லாம் கண்மட்டம், கைமட்டம். எழுதக் கூடிய கடதாசி கிடைத்தால் அதையும் மடித்துக் கடித உறை செய்துவிடுவாய். மூத்தவளிடம் போனில் கேட்டோம். "எனக்கும் தெரியாதே" என்றாள். உடனே வேறு கதைக்கு மாறினாள். ஏன் மாறினாள் என்று எனக்குத் தெரியும்.

இந்த வீட்டில் மாதிரிக்குக்கூட ஒரு தோரணம் மிஞ்சாமல் போனதற்கு நான்தான் காரணம். உனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் என் வாயால் இதுவரை சொன்னதில்லை. ஏழு வருஷத்துக்கு முன் மூத்தவளின் கலியாணத்துக்கு, இரண்டு மாதமாக அடுப்படி வேலை முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து கட்டினாய். அரக்கும் பச்சையும். மாப்பிள்ளை வருகிற அன்று காலையில் என் ராத்தா கல்முனைக்குடியில் இருந்து வந்து, அறை வாசலில் நின்று பார்த்தா.

"தம்பி, மாப்பிள்ள வீட்டாக்கள் பெரிய இடம். கழிவு நூலத் தொங்க வெச்சிரிக்கீங்களே. நம்மள என்னெண்டு நினைப்பாங்க?"

நான் உன் பக்கம் திரும்பி, "கழட்டு புள்ள" என்றேன். ஐந்தாறு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ அடுப்படியில் இருந்து ஸ்டூலை எடுத்து வந்தாய். ஏறினாய். "உங்கட விருப்பம் மச்சான்" என்றாய். ஒவ்வொரு மூலையாகக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினாய். அவ்வளவுதான். டவுனில் இருந்து ஆட்கள் வந்து வலைத்துணியும் பிளாஸ்டிக் ரோசாவும் கட்டினார்கள், மூன்றாம் நாள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நீ தோரணம் கட்டவே இல்லை.

ஏன் சும்மா இருந்தாய்? வாயில்லாதவளா நீ? கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன வருஷம், தகரக் கொட்டிலில் கிடந்தோமே, அப்போது நிவாரணத்துக்குக் கொடுத்த கோதுமை மாச் சாக்கைப் பிரித்து நூல் உருவி, குஞ்சம் வைத்து ஒரு திரை கட்டினாய். "ஊரே மௌத்து வீடாக் கிடக்கு, ஒனக்குச் சோடனையா?" என்று நாலு பேர் கேட்கக் கத்தினேன். நீ ஊசியை நிறுத்தவில்லை. "புள்ளையள் கண் முழிச்சா இந்தத் தகரத்தத்தானே பாக்குதுகள். பாக்கிறதுக்கு ஒண்டு வேணும் மச்சான்" என்றாய். நான் வெளியே போனேன். மறுநாள் பக்கத்துக் கொட்டில் பெண்கள் சாக்கோடு உன்னிடம் வந்தார்கள்.

அப்படிக் கதைத்தவள் அன்று கலியாண வீட்டில் "கழட்ட மாட்டன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன? நான் கத்தியிருப்பேன். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருப்பா. சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். தோரணம் தொங்கியிருக்கும். எனக்கு உன் மேல் கோபமாக வருகிறது. நியாயமில்லாத கோபம் என்று தெரிந்தும் வருகிறது.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நான் கைவிட்டுவிட்டேன். "வாடகைக்கே எடுப்பம் மகள்" என்றேன். அவள் எழுந்து பின் வளவுக்குப் போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள், பின்கதவடியில் கால்மிதியில் காலைத் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து அதைத் தூக்கி, மணல் போகச் சுவரில் நாலு அடி அடித்து, திருப்பிப் பார்த்தாள்.

"வாப்பா, இது அந்தத் தோரணந்தானே."

"எந்தத் தோரணம்?"

"ராத்தாட கலியாணத்தில மாமி சொல்லிக் கழட்டினது. மறுகா உம்மா அந்தப் பூவெல்லாத்தயும் நெருக்கி வெச்சிச் சாக்கில தெச்சா. நீங்க மணல் மணல் எண்டு ஏசிக்கிட்டே இரிந்தீங்களே, அதுக்கு. எனக்கும் இப்பதான் ஞாபகம் வந்திச்சி. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அல்லாஹ்வின் மேல் ஆணையாகத் தெரியாது. ஏழு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதில் கால் துடைத்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. நீ அதைப் போட்ட புதிதில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. "இது நல்லாரிக்கி புள்ள, மணலப் பிடிக்குது" என்று சொன்னேன். உன் கைவேலையில் நான் வாய்விட்டுப் புகழ்ந்தது அது ஒன்றைத்தான். நீ, "ஓம் மச்சான்" என்றாய். சோற்றைப் போட்டுத் தந்தாய்.

இளையவள் மூலையில் ஒரு பூவின் தையலைப் பிளேடால் வெட்டி எடுத்தாள். மேலே எல்லாம் சாம்பல் நிறம், மணலும் ஊத்தையும். கட்டை அவிழ்க்க அவிழ்க்க உள்ளே அரக்கு நிறம் அப்படியே இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். பதினாலு நூல். நடுவில் ஒரு கட்டு, மடித்துப்போட்டுக் கழுத்தில் நாலு சுற்று, நுனியைச் சுற்றுக்குள்ளேயே விட்டு இழுத்திருந்தாய். கழன்றுவிடாமல் உள்ளே ஒரு புளியங்கொட்டை. பழைய கந்தோர் டயறி ஒன்றில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

மூன்று நாள் அவள் கட்டினாள், நான் நுனி வெட்டினேன். நான் வெட்டியது ஒன்றும் நேராக வரவில்லை. நாலு மூலைக்கும் போதவில்லை. கட்டிலின் தலைமாட்டில் மட்டும் ஒரு வரிசை தொங்கவிட்டோம். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

கலியாணத்தன்று காலையில் ராத்தா வந்தா. இப்போது முழங்கால் வருத்தம், பிடித்துக்கொண்டுதான் நடக்கிறா. அதே வாசலில் நின்று மூக்கைச் சுளித்தா.

"இதென்ன தம்பி, கழிவு நூலா? மாப்பிள்ள வார நேரமாச்சி. கழட்டச் சொல்லுங்க."

அறைக்குள் பெண்கள் நின்றார்கள். கட்டிலில் சோடித்து உட்கார வைத்திருந்த இளையவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.  நீ அன்று ஸ்டூலில் ஏறும் முன் பார்த்தாயே, அதே பார்வை.

"இரிக்கட்டும் ராத்தா" என்றேன்.

"உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு ராத்தா சாப்பாட்டுப் பக்கம் போனா. அவ்வளவுதான் நடந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. இரண்டு பெண்கள் கிட்டப்போய்ப் பூவைத் தொட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் ஒரு தடவை தும்மினார் என்று பிறகு இளையவள் சொன்னாள்.

எல்லாரும் நல்லபடி முடிந்தது என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. இவ்வளவு லேசான வேலையா அது? இரண்டு சொல். ஏழு வருஷத்துக்கு முன், உன் காது கேட்க அதைச் சொல்ல எனக்கு என்ன வந்தது?

இளையவள் அந்த ஒரு பூவைத் திரும்பக் கட்டி மூலையில் தைத்து, கால்மிதியைப் பழையபடி பின்கதவடியில் போட்டுவிட்டாள். எடுத்து வைக்கச் சொன்னேன். "கால் துடைக்கத்தானே வாப்பா உம்மா செஞ்சா" என்கிறாள். அவள் துடைக்கிறாள், மருமகன் துடைக்கிறார். எனக்குக் கால் போகவில்லை. பின் வளவுக்குப் போய் வரும்போதெல்லாம் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறேன். மழை விட்ட நேரம் பார்த்து இப்போதுதான் போய் வந்தேன். கூடமெல்லாம் ஈர மணல். இளையவள் தும்புத்தடியோடு பின்னால் வந்து, "மணல் வாப்பா, மணல்" என்று ஏசிக்கொண்டு கூட்டுகிறாள்.