அலைமுகம் வானொலியின் விலை

பெப்ரவரி 11, செவ்வாய்

காலை நிகழ்ச்சி முடிந்து ஒன்பது மணிக்கு ஸ்ரூடியோவை விட்டு வெளியே வந்தேன். அமிர்தநாதர் அண்ணை தன் அறை வாசலில் நின்றார். "நிசா, கோப்பியை எடுத்துக்கொண்டு வா. கதவைச் சாத்து" என்றார்.

வானொலியை விற்கப்போகிறார். வாங்குவது இந்த நாட்டின் மேற்குக் கோடி மாகாணம் ஒன்றிலுள்ள கம்பனி. ஏற்கெனவே ஒன்பது நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். ஒலிபரப்பு ஆணையம் சம்மதித்தால் நம் அலைவரிசையில் நாள் முழுக்க ஆங்கிலப் பாட்டு ஓடும்.

"எனக்கு எழுபத்தொண்டு, பிள்ளை. மில்லிக்கனில இருக்கிற வீட்டை ரெண்டாம் தரமும் பாங்கில அடகு வைச்சுத்தான் போன வருசம் உங்களுக்குச் சம்பளம் தந்தனான். இப்ப வித்தால் வீடு மிஞ்சும். அடுத்த வருசம் எண்டால் ரெண்டும் போயிடும்."

அவருக்கு நாற்பத்தைந்து வீதம். விளம்பரப் பகுதியைப் பார்க்கும் அகஸ்ரின் அண்ணைக்கும் நாற்பத்தைந்து. எனக்குப் பத்து. அகஸ்ரின் மாட்டேன் என்கிறாராம்.

"உன்ர பத்துத்தான் இனி முடிவு."

2001இல் கோப்பிக்கடைக் கவுண்டரில் நின்றவளைக் கூட்டிவந்து மைக்குக்கு முன்னால் இருத்தியவர் இவர். சம்பளம் தர முடியாமல் போன ஒரு வருடம், அதற்கு ஈடாக அந்தப் பத்து வீதத்தையும் தந்தார். நான் என்ன சொல்வது? யோசிக்கிறேன் என்றேன். நாளை காலை எந்தக் குரலில் வணக்கம் சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

முழங்கால் வரை பனி. அப்படியிருந்தும் மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். பெயர் அலெக்ஸாண்டர், நாற்பது வயதிருக்கும், தமிழர்தான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு அறை அறையாகச் சுற்றி ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். மைக், மிக்சர், நாற்காலி எதுவும் பெரிய விலை பெறாதாம். ஒலிபரப்பி பழையது. அலைவரிசைக்குத்தான் விலை.

"எங்கட நிகழ்ச்சியளுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு விலை போடேலாது அக்கா. வாங்கிறவை அதை நிப்பாட்டத்தானே வாங்கினம்." சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். நல்ல மனிதர். கொஞ்சம் பொறுத்து, "அழைக்கிற ஆக்களின்ர லிஸ்ற் ஒண்டு இருக்காம், அது உங்களிட்டையோ?" என்றார்.

ஓம் என்றேன். ஏன் கேட்கிறார் என்று அப்போது யோசிக்கவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

மதிப்பீட்டு அறிக்கை வந்தது; நேயர்கள் என்ற வரியில் சைபர் போட்டிருக்கிறார்கள்.

பெப்ரவரி 19, புதன்

ஒப்பந்தத்தின் முதல் வரைவு வந்தது. மத்தியானம் சாப்பிடாமல் இருந்து வாசித்தேன். மூன்றாம் இணைப்பு: "அழைப்பாளர் விபரத் தொகுப்பு, இருபத்தாறாயிரம் பதிவுகள், எல்லாக் குறிப்புகளுடனும்."

அந்தத் தொகுப்புக்கு மட்டும் முழு விலையில் ஐந்தில் ஒன்று. காப்புறுதி விற்கிறவர்களுக்கும் வீடு விற்கிறவர்களுக்கும் அதை வாடகைக்கு விடுவார்களாம்.

அது என் கையால் தட்டியது. 2009இல் ஊரில் சண்டை முடிந்த மாதங்களில் ஸ்ரூடியோத் தொலைபேசி ஓயவில்லை. யாரைத் தேடுகிறார்கள், கடைசியாக எங்கே கண்டது, எந்த முகாம் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். யாராவது யாரையாவது கண்டதாகச் சொன்னால் இரண்டு பேரையும் சேர்த்துவிடுவதற்காக. அப்படி முப்பத்தெட்டுப் பேரைச் சேர்த்தோம். பிறகு வந்த அழைப்புகளும் அதிலேயே ஏறின — பரிசுப்போட்டி, மருத்துவர் நேரம், குடிவரவு ஆலோசனை. யாருக்கு என்ன நோய், யாருடைய வழக்கு நிராகரிக்கப்பட்டது, எல்லாம் குறிப்பு எழுதும் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

நான் ஏன் இவ்வளவையும் எழுதினேன்? அழிக்க ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

பெப்ரவரி 21, வெள்ளி

அமிர்தநாதர் அண்ணையிடம் அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன்.

"நம்பர் தானே பிள்ளை. எல்லாரின்ர நம்பரும் எல்லாரிட்டையும் இருக்கு."

"நம்பர் மட்டுமில்லை அண்ணை. கடைசிப் பத்தியை வாசிச்சனீங்களோ?"

"நான் வாசிக்கேல்லை. அவங்களும் வாசிக்கமாட்டாங்கள், அவங்களுக்குத் தமிழ் தெரியாது."

"தெரிஞ்ச ஆளை வேலைக்கு வைப்பாங்கள்."

அவர் மெல்லமாக, "அது இல்லாட்டில் வீட்டை மீட்கக் காணாது, நிசா" என்றார். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 22, சனி

அகஸ்ரின் அண்ணை வீட்டுக்கே வந்தார். "நீ என்னோட நில். ரெண்டு பேரும் சேர்ந்து மறிப்பம்." எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த லிஸ்ற்றையும் கொடுக்கமாட்டோம்தானே என்று கேட்டேன்.

"அதில எனக்கென்ன பிரச்சினை? குடுக்கலாம். உவங்கள் தாற விலை காணாது எண்டுதான் சொல்லுறன். வேற ஆள் வைச்சிருக்கிறன்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அப்ப நான் ஆரோட நிக்கிறது? ஆருமில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

பட்டியலைத் திறந்து கண்ணில் பட்ட ஒரு இலக்கத்துக்கு அழைத்தேன். தவமணி, வோபர்ன் பகுதி. பதினாறு வருடத்துக்குப் பிறகும் அதே இலக்கம். என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டா.

"காலமை நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டுதான் மனுசன் மருந்து குடிக்கிறவர்" என்றா.

வேறு ஒரு கம்பனிக்கு அவவின் விபரங்கள் போகலாம், சம்மதமா என்று கேட்டேன்.

"தம்பியைப் பற்றிச் சொன்னதும் அதில இருக்கோ?"

"இருக்கு அன்ரி."

"அவன் இப்பவும் அந்த மாத்தின பேரிலதான் இருக்கிறான். கலியாணமும் அந்தப் பேரிலதான். பிள்ளையளுக்கும் தெரியாது." பிறகு, "உங்களை நம்பித்தான் சொன்னனான், ரேடியோவுக்கெண்டு சொல்லேல்லை" என்றா.

அவன் எங்கே இருக்கிறான் என்பதை இந்தக் கொப்பியிலும் எழுதமாட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

நித்திரை இல்லை. அமிர்தநாதர் அண்ணையின் வீட்டில்தான் என் மகளின் முதலாவது பிறந்தநாள் செய்தது.

மார்ச் 3, திங்கள்

லோயரின் அலுவலகம். மேசை நடுவில் தொலைபேசி, மறுமுனையில் வாங்குகிறவர்கள். அகஸ்ரின் அண்ணை தனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

விற்பதற்குச் சம்மதம் என்றேன். மூன்றாம் இணைப்பை எடுத்தால்தான் கையெழுத்து. பட்டியல் அழிக்கப்படும், பிரதி யாரிடமும் இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அமிர்தநாதர் அண்ணை தமிழில், "என்ர வீடு போகும். தெரிஞ்சுதான் சொல்லுறியோ?" என்றார்.

"ஓம் அண்ணை. என்ர பத்து வீதக் காசை நீங்கள் எடுங்கோ. குறையிறதில பெரும்பகுதி ஈடாகும்—"

"உன்ர காசை நீயே வைச்சிரு. நான் உன்னட்டைப் பிச்சை கேக்கேல்லை."

மறுமுனையில் இருந்தவர்கள் நாற்பது நிமிடம் தங்களுக்குள் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். விலையில் ஐந்தில் ஒன்றைக் குறைத்து வாங்கிக்கொள்கிறார்களாம். அமிர்தநாதர் அண்ணை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன். பேனையை என் பக்கம் தள்ளியபோதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது மேல்கோட்டின் ஒரு கையைப் போடத் தடுமாறினார். உதவ எழுந்தேன். லோயரைக் கூப்பிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

பட்டியலை அழித்தேன். லோயரின் ஆள் பக்கத்தில் நின்று பார்த்து ஒப்பமிட்டார். தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதிய கொப்பிகள் பதினொன்றையும் இயந்திரத்தில் கொடுத்து நறுக்கினோம். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. செய்தது சரிதான். ஏன் களவெடுத்தவள் மாதிரி இருக்கிறது?

ஓகஸ்ட் 29, வெள்ளி

ஆணையம் சம்மதித்துவிட்டது. இன்று கடைசி நிகழ்ச்சி. அழுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வெப்பநிலை சொன்னேன், நெடுஞ்சாலை நெரிசல் சொன்னேன், வணக்கம் சொன்னேன். அமிர்தநாதர் அண்ணை வரவில்லை. அவரின் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டிருப்பதாக அகஸ்ரின் அண்ணை சொன்னார். அதை எனக்குச் சொல்வதற்கென்றே வந்தவர் போல் இருந்தது.

நவம்பர் 8, சனி

வியாழன் மாலை தெரியாத இலக்கம் ஒன்று. எடுத்தால் அமிர்தநாதர் அண்ணை. மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை.

"ரெக்ஸ்டேலில இருந்த என்ர அண்ணர் மோசம் போயிட்டார். சனிக்கிழமை அடக்கப் பூசை. அவரைப் பற்றி நாலு வசனம் சொல்லோணும், என்னால ஏலாது. நீ வாசிப்பியே?"

ஓம் என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

இன்று தேவாலயத்தில் வாசித்தேன். மைக் இல்லை, ஐம்பது பேர் இருப்பார்கள். கடைசி வரிசையில் காது கேளாத ஒரு பெரியவர் கையைக் காதில் குவித்திருந்தார், அவருக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

வெளியே வந்தபோது அண்ணை வாசலில் தனியாக நின்றார். இப்போது மகளின் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற்றில் இருக்கிறார் என்று கேள்வி. காரைத் திறந்தேன், ஏறினார். எக்லிங்டன் வீதிக்குத் திருப்பினேன்.

"வீட்டை வித்ததும் நல்லதுதான் நிசா" என்றார். "படி ஏறி இறங்கேலாமல் இருந்தது. பனி தள்ளுற வேலையும் இல்லை இப்ப."

பேஸ்மென்ற்றுக்கு இறங்கப் பதின்மூன்று படி, அவரின் மகள் பூசைக்கு முன்னால் சொன்னவள்.

"ஓம் அண்ணை" என்றேன்.