பாம்பில்லாத ஊருக்குப் போன லேகியம்

அன்பு மகள் நிவேதாவுக்கு, மேலகரத்திலிருந்து அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிறந்து பதினாறு நாளான என் பேத்தி, மூவரும் சுகமாக இருக்கக் குற்றாலநாதர் துணை நிற்கட்டும். என் உடம்புக்குக் குறைவில்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை பெயருக்கு அனுப்பி, நீ படிக்கும்போது பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே படி அம்மா.

உன் அம்மா இப்போது இல்லை. ஐப்பசி இருபத்து நாலாம் தேதி போய்விட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி காதில் சாவுச் செய்தி விழக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, மறைத்துவிட்டேன். பிரசவம் நல்லபடியாக ஆகும்வரை மௌன விரதம் இருக்கிறாள் என்று நான் புளுகியதை நீ ஒரு நொடி சந்தேகப்படவில்லை, அவள் நேர்ந்துகொள்கிற ஆள்தானே. முகத்தையாவது காட்டுங்கப்பா என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் அலாஸ்கா கதையை எடுத்துவிடுவேன். உங்கள் ஆங்கரேஜ்தான் மாநிலத்திலேயே பெரிய ஊர், ஆனால் தலைநகரம் வேறு, அந்தத் தலைநகரத்துக்கு ரோடே கிடையாதாமே என்பேன். உங்கள் ஊர் ஏரியில் விமானம் தண்ணீரிலேயே இறங்குமாமே, அறுபத்து நாலில் பூமி நாலரை நிமிஷம் ஆடியதாமே என்பேன். எங்கப்பா பிடிக்கீங்க இதெல்லாம் என்று நீ சிரிப்பாய். போனை வைத்துவிட்டு நான் அழுவேன். போன வாரம் நீ, விரதந்தான் முடிஞ்சிட்டுல்லா, அம்மாட்ட குடுங்கப்பா என்றாய். இனிமேல் சொல்ல எனக்குப் பொய் இல்லை.

அந்த ஊர் விஷயங்களைச் சேர்க்க ஆரம்பித்தது நான் இல்லை, அவள். பேப்பரில் வந்தது, போனில் வந்தது எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பாள். அலாஸ்காக் காட்டில் பாம்பே கிடையாது என்று படித்த அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. எம்மவ இருக்க ஊர்ல பாம்பு கெடையாதுட்டீ, புள்ளைய தரையில விட்டுட்டு நிம்மதியா வேல பாக்கலாம் என்று எதிர்வீட்டுச் சொக்கம்மாளிடம் ஒரே பெருமை.

ஐப்பசி இருபத்து மூணாம் தேதி காலையில் கொல்லையில் அடுப்பு மூட்டி உனக்குப் பிரசவ லேகியம் கிண்டிக்கொண்டிருந்தாள். தீ அணைகிறதே என்று காய்ந்த ஓலையை இழுத்திருக்கிறாள், கையில் ஏதோ சுருக்கென்றது. என்ன என்று கேட்டதற்கு, முள்ளுதான், இப்ப விட்டா அடிப்பிடிச்சிரும் என்று துடுப்பை விடவில்லை. நானும் முள் என்றே நம்பிவிட்டேன், ஓலையைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அரைமணி நேரம் கிண்டி, நெய் பிரிந்து வந்ததும் இறக்கிவைத்துவிட்டுத்தான் கையைக் காட்டினாள். முழங்கைவரை வீங்கியிருந்தது. அப்புறம் புரட்டினால் ஓலைக்கடியில் கண்ணாடி விரியன். ஆட்டோவில் போகும்போது, புள்ளத்தாச்சிகிட்ட சொல்லிராதீங்க, பயந்துருவா என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

பெற்ற மகள் கையால் வாய்க்கரிசி இல்லாமல் அவளை அனுப்பினேன். அந்தப் பாவம் என்னுடையது, மாப்பிள்ளையைக் கோபிக்காதே, அவரிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. திட்டுவதற்காவது போன் பண்ணு, பண்ணாமல் இருந்துவிடாதே. பச்சை உடம்பு, அழுதுகொண்டே பட்டினி கிடக்காதே, குளிரில் தலைக்குத் துணி கட்டு, பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது.

நீயும் பிள்ளையும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் சிநேகிதர் கையில் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கில் இருப்பது அந்த லேகியம்தான். இத்தனை நாளும் நீ சாப்பிட்டது அதுதான். அடிப்பிடிக்காமல் இறக்கியிருக்கிறாள். பாதியில் நிறுத்திவிடாதே அம்மா, காலையில் நெல்லிக்காய் அளவு, தீரும்வரை சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மாவைக் காப்பாற்றத் தெரியாத அப்பா,
பால்வண்ணநாதன்