அண்ணன் கடிக்காத காய்

ஏப்ரல் 4, வெள்ளி

நான் சிவப்பு நூல் கட்டிய பூக்களில் மூன்று பிஞ்சு விட்டிருக்கின்றன. அந்தியில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, விடிந்ததும் வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். சிஜின் அண்ணனுக்கு விரல் தடிமன், மொட்டு ஒடிந்துவிடும். "பட்டம் எனக்கு, கை ஒனக்கு, கேட்டியா மக்கா" என்றான்.

பெரியம்மா மகன். கல்லூரி ஆராய்ச்சிக்காக எங்கள் வயலில் தட்டைப்பயறு போட்டு, எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறான். நாட்டுப் பயறில் இரும்புச் சத்து அதிகம், காய்ப்புக் குறைவு. அதை நிறையக் காய்க்கும் இனத்தோடு சேர்த்து, மருந்தே அடிக்காமல் சாறு உறிஞ்சும் செடிப்பேனைத் தாங்கும் செடியை நான்கு வருடமாகத் தேடுகிறான்.

தினமும் காலையில் ஒரு பிஞ்சுக் காயை ஒடித்துப் பச்சையாகக் கடிப்பான். பார்க்க வருகிறவர்கள் முன்னாலும் அப்படித்தான். அபினாவும் கேட்டு வாங்கித் தின்பாள். தங்கைக்கு ஐந்து வயது. அண்ணன் செய்வதையெல்லாம் செய்வாள்.

ஏப்ரல் 7

தண்டெல்லாம் கறுப்புப் பேன். வெள்ளிக்கிழமை அண்ணனின் கல்லூரி சார் பார்க்க வருகிறார். அண்ணன் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் செடியில் ஒரு பேன்கூட உயிரோடு இல்லை. "பாத்தியா, செடியே தாங்கிட்டு" என்றான். சந்தோஷத்தில் ஒரு காயைப் பறித்து அவனிடம் நீட்டினேன். பல் வலி என்றான். அதை அபினாவிடம் கொடுத்தேன். இன்னும் இரண்டு கேட்டாள், கொடுத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் அபினாவுக்கு வாந்தி. வாயில் எச்சில் ஒழுகுவது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் பூச்சி மருந்து உண்டா என்று கேட்டார். "இல்ல டாக்டர், நேத்து ஐஸ் தின்னா" என்றாள் அம்மா. அண்ணன் பக்கத்தில்தான் நின்றான்.

என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டான். "ஒரே ஒரு தடவதான் அடிச்சேன். வெளிய தெரிஞ்சா என் நாலு வருசம் போச்சி. பறிச்சுக் கொடுத்தது நீயாக்கும் மக்கா, ஓர்மை இருக்கட்டு."

அதே குரலில் மக்கா என்கிறான்.

அம்மா ஆஸ்பத்திரியில் அபினாவோடு. என்னை இவனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த அறையில் நடக்கிறான். தாழ் போட்டிருக்கிறேன். சொன்னால்? நான்தானே கொடுத்தேன். சொல்லாவிட்டால் அபினா—

ஏப்ரல் 10

நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். என்ன மருந்து என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியவில்லை. வராந்தாவில் நின்ற அண்ணனைக் கை காட்டினேன். அவன் தரையைப் பார்த்தபடி பெயரைச் சொன்னான்.

பல் வலி இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தான் மட்டும் தின்னவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அபினா கஞ்சி குடித்தாள்.

வெள்ளிக்கிழமை சார் வந்து, பேன் இல்லாத செடிகளைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனாராம். அண்ணன் மறுநாளே ஊருக்குப் போய்விட்டான். பெரியம்மா போனில், "அஜிஷா அறியாமப் பறிச்சுக் கொடுத்துட்டாளாமே" என்றாள். அம்மா மறுத்துப் பேசவில்லை.

பிறகு என்னிடம், "பிள்ள பிழைச்சிட்டுல்லா ஏட்டி. காலேஜில யாரும் அறியாண்டாம். அவன் என் அக்கா மவன்" என்றாள்.

நான் யார்?

ஏப்ரல் 24, வியாழன்

சார் விதை எடுக்க வந்தார். அம்மா டீ கொடுத்தாள். சார் ஒரு பிஞ்சுக் காயை ஒடித்து அபினாவிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்க முதல்ல கடிங்க" என்றாள். சார் சிரித்துக்கொண்டே காயை வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஏன் பிள்ளே?"

அம்மா என்னையே பார்த்தாள். இந்தச் செடிகளுக்கு மருந்து அடித்திருக்கிறது என்று சொன்னேன். யார், என்றைக்கு, எல்லாம். சார் விதை எடுக்காமல் போய்விட்டார். என் நூல் கட்டிய மூன்று காய்களும் செடியிலேயே இருக்கின்றன.

ராத்திரி அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. சோறு மட்டும் மூடி வைத்திருந்தாள். அபினா தேங்காய் போட்டு வதக்கிய அவரைக்காய்த் துவரனைத் தொடாமல் என் வாயையே பார்த்திருந்தாள். நான் ஒரு பிடி தின்றேன்.

பிறகு அவளும் தின்றாள்.