தண்ணீரில் கால் படாத நிலம்

ஆற்றங்கரை, 1746 மே 9

அன்பு மகன் பிரிஸ்குக்கு அப்பா எழுதுவது.

நலம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் போன ஞாயிறு நடந்ததை உன் அண்ணன் ஸக்கரி எப்படியும் உனக்குச் சொல்லிவிடுவான், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். பூசைக்குப் படகில்தான் போவேன் என்று அடம்பிடித்துக் கிளம்பினேன். ஓதம் இறங்கி ஆறு வற்றும் நேரம் என்பதை மறந்துவிட்டேன். கோயிலுக்கு எதிரிலேயே படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. புது ரஸ்தாவில் வண்டி கட்டிப் போன ஊரெல்லாம் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே போனது. பாதிரியார் வாசலில் நின்று, "பாஸில், பிரசங்கம் அங்க கேக்குதா?" என்றார். "நல்லாவே கேக்குது சாமி, தூக்கம்தான் வரமாட்டேங்குது" என்றேன்.

சிரித்து முடித்தாயா? விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனார் ஊருக்குப் பின்னால் காட்டுக்குள் நிலம் எடுக்கப் போகிறாயாமே, ஆறு கண்ணுக்கே தெரியாத இடத்தில். தண்ணீரில் கால் படாத நிலம் ஒரு நிலமா? விலாங்கு எங்கே பிடிப்பாய்? கெபெக் பட்டணத்துச் சந்தைக்கு விறகை யார் முதுகில் அனுப்புவாய்? பனிக்காலத்தில் ஊரே உறைந்த ஆற்றின் மேல் சறுக்குவண்டியில் பறக்கும். நீ மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டிருப்பாய். பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆற்றுமுகம் கிடைக்கட்டும் என்றுதானே நிலத்தை நீளவாக்கில் கிழித்து வைத்திருக்கிறேன்? வந்து உன் கீற்றை எடுத்துக்கொள்.

உன் அப்பா,
பாஸில்


மாமனார் வீடு, ஜூன் 2

அப்பாவுக்கு,

கடிதத்தை விலாங்கு வியாபாரி கொண்டுவந்தார். காகிதத்திலும் அதே வாசனை.

நீங்கள் கிழித்த கீற்றின் அகலத்தை யோசித்துப் பார்த்தீர்களா? மாடு தலையை நம் நிலத்தில் வைத்தால் வால் அடுத்தவன் நிலத்தில் ஆடும். ஸக்கரியின் சேவல் கூவினால் தம்பி இஞ்ஞாஸின் பெண்டாட்டி அல்லவா எழுந்து திட்டுகிறாள்? போதாததற்கு ராஜாவின் உத்தரவு வேறு. ஆற்றுமுகம் குறுகிப்போன நிலத்தில் புது வீடு கட்டினால் இடித்துவிடுவார்களாம். மூன்றாகப் பிரித்தால் ஒருத்தனும் புதிதாக வீடு கட்ட முடியாது. இரண்டாகப் பிரித்தால் அண்ணனும் தம்பியும் கட்டலாம். நான் கோபித்துக்கொண்டு போகவில்லை அப்பா. என் பங்கை விடும் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்து வைத்தால் போதும்.

உங்கள் மருமகள் ஆஞ்சலிக் கிணறு தோண்ட ஆளே பிடித்துவிட்டாள்.

பிரிஸ்க்


ஆற்றங்கரை, ஜூலை 15

பிரிஸ்க்,

ராஜா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். என் வயலை முழம் போட அவரை யார் கூப்பிட்டது? நீயும் அவரும் சேர்ந்துகொண்டு எனக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டாம். கையெழுத்து வைக்க மாட்டேன்.

கிணறாம், கிணறு. கிணற்றில் யார் படகு விட்டுக்கொண்டு உன்னைப் பார்க்க வருவார்கள்? இங்கே கரையில் நின்றால் போகிற வருகிற படகில் நல்லது கெட்டது எல்லாம் தெரிந்துவிடும். அங்கே நீ செத்தால்கூட மூன்று நாள் கழித்துக் காக்கைதான் சொல்லும்.

உன் அம்மா போனதிலிருந்து என் பிழைப்பு உனக்குத் தெரியும். ஸக்கரி வீட்டில் சாப்பிட்டால் இஞ்ஞாஸ் முகத்தைத் தூக்குகிறான். இஞ்ஞாஸ் வீட்டில் சாப்பிட்டால் எனக்கே வயிறு தூக்குகிறது. நடுவில் நீ இருந்தால் கொஞ்சம் அடங்குவார்கள்.

பாஸில்


காட்டு வீடு, ஆகஸ்ட் 30

அப்பா,

எழுதிப் பயனில்லை. வீடு எழுப்பிவிட்டோம், ஒருமுறை வந்து பாருங்கள். படகில் வர முடியாது, அதற்கு மட்டும் மன்னியுங்கள்.

பிரிஸ்க்


ஆற்றங்கரை, அக்டோபர் 11

அன்பு மகனுக்கு,

உன் காட்டு வீட்டைப் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் பாதைக்குப் பாதை என்று பெயர் வைத்தவனைப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். பத்திரம் எழுதியவர், "நல்லா யோசிச்சீங்களா பாஸில்?" என்றார். "யோசிக்கிற வேலையை என் மகன் முடிச்சுட்டான்" என்றேன். இந்தப் பயல்கள் இரண்டு பேரும் மறுநாளே நிலத்தை அளக்கக் கயிற்றோடு இறங்கிவிட்டார்கள். நான் உட்காருகிற மரக்கட்டை யார் பாதியில் கிடக்கிறது என்று தகராறு. "கொஞ்சம் எந்திரிங்கப்பா" என்றார்கள். எழுந்தேன். கட்டையை நகர்த்தினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஆஞ்சலிக்கின் பட்டாணிக் கஞ்சி நன்றாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரும் மோசமில்லை, இதை வேறு யாரிடமும் சொல்லாதே.

வண்டி ஏறும்போது, "என்னப்பா, ஒண்ணுமே சொல்லாம போறீங்க?" என்று கேட்டாய். "கிணத்துக்கு மூடி போடுடா, கன்னுக்குட்டி விழுந்துடும்" என்றேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். வண்டியும் கிளம்பிவிட்டது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. உங்கள் அடுப்புக்குப் பக்கத்து மூலை காலியாக இருக்கிறதே, அங்கே ஒரு கட்டில் போட இடம் இருக்குமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அப்பா