எதிர்ப்பக்கத்து நாற்காலி

அன்புள்ள அப்பா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அழுத இடங்களையும் மறைக்கமாட்டேன்.

நாம் மழைக்கு ஒதுங்கிய அந்தப் பழைய நூலகத்தில் இருக்கிறேன். ஸ்பானிய அரசர்கள் இந்தப் பலெர்மோ நகரை ஆண்ட காலத்தில் இது கத்தோலிக்கக் குருமார் நடத்திய உயர்கல்லூரி என்று அன்று காவலாளி சொன்னார். ஒரு மாணவன் எழுந்து ஒரு கருத்தை நிறுவ, இன்னொருவன் அதை மறுத்தே ஆகவேண்டுமாம். மறுப்பவன் தான் சொல்வதை நம்பவேண்டியதில்லை என்றதும் உங்கள் முகம் மலர்ந்ததே, நினைவிருக்கிறதா?

அன்றிலிருந்து, கபோ சந்தையில் மீன்பெட்டி தூக்கிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்து மறுப்பவர் நீங்கள்தான். மனிதருக்குப் புத்தகமே தேவையில்லை என்று ஒருநாள் மேசையில் தட்டி வாதாடினீர்கள். வீட்டில் சண்டையென்று நினைத்துக் கீழ்வீட்டு சிஞ்ஞோரா ஒரு தட்டுப் பொரித்த கத்தரிக்காயோடு சமாதானம் பண்ண ஏறி வந்தார்.

ஆஸ்பத்திரியில் நான் பயந்தபோதும் விடவில்லை. "நான் எழும்பி வருவன், நீ வேணுமெண்டால் மறுத்துப் பார்" என்றீர்கள். நீங்கள் எழும்பி வரவில்லை. அதுவும் நம்பாமல் எடுத்த பக்கம்தானா அப்பா?

இப்போது உயர்பள்ளிக்குப் பெயர் கொடுக்கவேண்டும். நீங்கள் ஆசைப்பட்டது லத்தீன் படிப்பித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் லிசேயோ பள்ளி. அம்மாவோ ஹோட்டல் வேலை பழக்கும் பள்ளிக்கூடம் போதும் என்றார். பொலிதேயாமாப் பகுதியில் வீடுகள் துடைத்து, தனியே எவ்வளவு காலம் என்னைப் படிப்பிப்பார்? எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

நேற்று அம்மாவை உங்கள் நாற்காலியில் இருத்தினேன். முதலில் மாட்டேன் என்றார். அந்தக் கல்லூரியில் பணம் வாங்காமல் படிப்பித்தார்கள், ஆகவே கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்று நான் நிறுவினேன்.

அம்மா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "பொம்பிளைப் பிள்ளையளையும் உள்ளை விட்டவையோ?"

"இல்லை."

"ஒருத்தியையும்?"

"இல்லை அம்மா."

அம்மா பிசைவதை நிறுத்தினார். பிறகு என் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "இப்ப விடுகினம்தானே. போய்ப் படி. கொப்பரும் அதைத்தானே கேட்டவர்."

இருவரும் அழுதோம். சோறு ஆறிப்போனது.

அப்பா, அந்தக் குருமார் எழுதிவைத்ததை ஒருநாள் லத்தீனிலேயே வாசிப்பேன். கதவுக்கு வெளியே நின்ற பெண்பிள்ளைகளைப் பற்றி நான் எழுதுவேன். பிழை இருந்தால் மறுக்க அம்மா இருக்கிறார். ஆனால் அவருக்கு மேசையில் தட்டத் தெரியாது.

வாசிப்பறையில் நான் மட்டும்தான். காவலாளி என் மேசை விளக்கைத் தவிர மற்ற விளக்குகளை அணைத்துவிட்டார்.

உங்களோடு வாதாடி வளர்ந்த மகள்,
ஆதிரை