சிவப்பென்று எழுதிய பச்சை

அன்புள்ள மச்சான் ஞானராஜுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை 'நீரு' என்றுதான் பேசினேன். பெண் கொடுத்த வீட்டார், மரியாதை வேண்டும் என்று கல்யாணத்தன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள். இப்போது அந்த மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு எழுந்து வரவா போகிறாய்?

அடுத்த மாதம் உனக்கு ஓராண்டு நினைவு. சின்னதாக ஒரு புத்தகம் அச்சடிக்கிறார்கள். போதகர் ஒரு பக்கம், துறைமுகத்தில் உன்னோடு வேலை பார்த்தவர்கள் ஒரு பக்கம், நான் இரண்டு பக்கம். உன் மனைவிதான் வந்து கேட்டார். "அவுகளப் பத்தி நீங்க எழுதுனாத்தான் சரியா இருக்கும்" என்றார். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்புகிற கடைசி மனுஷி அவர். இந்தப் பக்கத்தைப் படிக்கும்வரை நம்பட்டும்.

முதலில் உன் ரகசியத்தை உடைத்துவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என்னுடையதைச் சொல்ல வழியில்லை. உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கப்பல் வேலைக்கு உடம்புப் பரிசோதனைக்குப் போனபோது ஒரே தெருக்காரன் என்று துணைக்கு வந்தேன். புள்ளிப் புள்ளியாக இருந்த படத்தில் டாக்டர் எண்ணைப் படிக்கச் சொன்னார். "எண்ணு எங்க சார் இருக்கு?" என்று நீ கேட்டாய். கதவருகே நின்ற எனக்கு அந்த எண் பளிச்சென்று தெரிந்தது. அன்றோடு உன் கப்பல் போயிற்று. வெளியே வந்து, "யாருட்டயும் சொல்லிராதேயும்" என்றாய். நான் சொல்லவில்லை. உன் மனைவிக்குக்கூடத் தெரியாது. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கண்டெய்னரை எண்ணை வைத்தே அடையாளம் கண்டாய். சந்தையில் பச்சை மிளகாயோடு பழுத்ததையும் அள்ளி வந்து கவனமில்லாதவன் என்று வீட்டில் திட்டு வாங்கினாய். ரகசியத்தைக் காப்பாற்றியது நட்பால் என்றுதான் நானும் நினைத்தேன். அது எனக்கு எங்கே பயன்படும் என்று அப்போது தெரியாது.

பயன்பட்டது பழையகாயல் பாலத்தில்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இருவரும் தூண்டிலோடு கிளம்பிவிடுவோம். ஆறு கடலைத் தொடும் இடத்தில் கொடுவா மீன் நிற்கும். இரை கிடையாது, பிளாஸ்டிக் மீன்தான். முன்னால் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும். நூலைச் சுருட்டினால் தலையை ஆட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கும். கடையில் வாங்கும்போது அட்டையில் கிராங்க்பெய்ட் என்று போட்டிருக்கும். நாம் பொய்மீன் என்றோம். ஏரல் பக்கம் மழை பெய்து ஆறு கலங்கி வந்தால் சிவப்பு, தண்ணீர் தெளிந்திருந்தால் பச்சை. இவ்வளவுதான் கணக்கு. அதுதான் உன்னால் முடியாது. கைக்கு வந்ததைப் போட்டே என்னைவிட அதிகம் பிடித்தாய்.

"மாப்ள, எது எதுன்னு பேரு எழுதி ஒட்டிரும்" என்று பெட்டியை நீட்டினாய். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நான் சின்னச் சீட்டு ஒட்டினேன். சிவப்பின் மேல் பச்சை என்று எழுதினேன். பச்சையின் மேல் சிவப்பு என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்கமாட்டாயா? பிடித்த மீனின் தலையைத் தங்கை வீட்டுக்கு அனுப்புவது உன் வழக்கம். மீனோடு நீயே வருவாய். வாசலில் நின்றே, "ஏளா, ஒன் வீட்டுக்காரருக்கு இன்னைக்கும் ஒண்ணும் மாட்டல. இந்தா, கொழம்பு வையி" என்பாய். தெருவே கேட்கும். உன் தங்கை சிரித்துக்கொண்டே வாங்குவாள். அந்தக் குழம்பை நான் சாப்பிட வேண்டும். நன்றாகத்தான் இருக்கும், அதுதான் எனக்கு எரிச்சல். வாரத்துக்கு ஒரு முறை என்னை என் வீட்டு வாசலில் வைத்தே நீ உரித்தாய், மச்சான். நீ அதைப் பாசம் என்று நினைத்தாய்.

முதல் சில மாதங்கள் நீ வெறுங்கையோடு திரும்பினாய். என் மனசு குளிர்ந்தது. பிறகு எப்படியோ உனக்கு மீன் மாட்ட ஆரம்பித்தது. தப்பான நிறத்திலும் கடிக்கிறதே, இவன் கைராசியே ராசி என்று வயிறெரிந்தேன். நூல் சிக்கக்கூடாது என்று பாலத்தின் இந்த முனையில் நான், அந்த முனையில் நீ. நான் நடந்து வருவதற்குள் பொய்மீனைக் கழற்றிப் பெட்டியை மூடியிருப்பாய். அது ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. புதிது வாங்கும்போதெல்லாம் என்னிடமே நீட்டினாய். நானும் சளைக்காமல் மாற்றி மாற்றியே எழுதினேன், பதினைந்து வருஷம்.

போன வருஷம் உனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். பாலத்துப் படியில் நாலு படி ஏறி நின்று மூச்சு வாங்கினாய். அதைப் பார்த்தபோது என்னமோ செய்தது. வெட்கம் என்றே வைத்துக்கொள். அடுத்த வாரம் நானே இரண்டு பொய்மீன் வாங்கினேன். சிவப்பில் சிவப்பு என்று எழுதினேன். பச்சையில் பச்சை என்று எழுதினேன். "இது எம் பங்கு மச்சான், இன்னைக்கு இதப் போடும்" என்று கொடுத்தேன்.

ஆறு செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பெரிய கொடுவா மாட்டியது. உனக்கு ஒன்றுமில்லை. நான் கொடுத்தது என்பதற்காகக் கடைசிவரை அதையே எறிந்துகொண்டிருந்தாய். அன்றைக்குத்தான் என் கையிலிருந்து உன் வீட்டுக்கு மீன்தலை வந்தது. வாசலில் நின்று, "ஒங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு ஒண்ணும் மாட்டல" என்று உன் மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்தாம் நாள் நீ செத்துப்போனாய்.

போன ஞாயிறு உன் மகள் ஜெபா பெங்களூரிலிருந்து லீவில் வந்தவள், உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பாலத்துக்குப் போகலாமா என்றாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். சீட்டெல்லாம் என் கையெழுத்து. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"மாமா, இந்த ரெண்டுல மட்டும் எப்படி சரியா எழுதிட்டிய?" என்றாள்.

"மத்ததெல்லாம் தப்புன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"எட்டாப்பு படிக்கயில நாந்தான் அப்பாட்ட சொன்னேன், பச்சையில செவப்புன்னு எழுதிருக்குன்னு. அப்பா பெட்டிய வாங்கி மூடி வச்சாவ. பொறவு சொன்னாவ, 'மாமாட்ட கேட்டுராத. கேட்டா நம்மகூட வராம போயிருவாரு. பாவம், அவருக்கு என்னைய விட்டா வேற ஆளு கெடையாது. எழுதினதத் திருப்பிப் போட்டுக்கிடுவேன், அவ்வளவுதான'ன்னு."

பாவம் என்றாயா, மச்சான்? நான் உன்னை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த பதினைந்து வருஷமும் நீ என் மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தாயா? புதுப் பெட்டியை நீட்டும்போதெல்லாம் இந்தத் தடவையாவது உண்மையை எழுதுவானா என்று பார்த்தாயா, இல்லை, பார்ப்பதையே விட்டுவிட்டாயா? தெரிந்த பிறகும் வாசலில் நின்று என்னை உரித்தது அதற்கான கூலியா? வசமாகச் செத்துவிட்டாய்.

ஜெபா அந்தக் கடைசி இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கலங்கல் தண்ணீருக்குச் சிவப்பு வேண்டும் என்று, வழக்கம்போல என் சீட்டைத் திருப்பிப் படித்து, பச்சை என்று எழுதியதைத் தேடி எடுத்திருக்கிறாய். அது பச்சையேதான்.

"அன்னைக்கு அப்பா போன்ல சொன்னாவ மாமா. 'ஒங்க மாமா மாறல, மீனுதான் மாறிட்டு'ன்னு. சொல்லிட்டுச் சிரிச்சாவ."

நாங்கள் பாலத்துக்குப் போகவில்லை. பெட்டியை என்னிடமே விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். மாமா என்று அதற்குப் பிறகு ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

என் மேல் இரக்கப்பட்டதற்கு உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அழுகை வருகிறது, அது வேறு. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த இரண்டு பக்கத்தை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அச்சுக்குக் கொடுப்பேன். உன் மனைவி படிக்கட்டும். உன் தங்கை படித்துவிட்டு எனக்குச் சோறு போடுவாளோ மாட்டாளோ, படிக்கட்டும். உன் பெட்டியில் ஒட்டிய எந்தச் சீட்டையும் பிய்க்கமாட்டேன். கடைசி இரண்டில் மட்டும் சரியாக எழுதியிருந்தேன், மச்சான். இந்தக் கடிதத்திலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இதையாவது திருப்பிப் போட்டுப் படிக்காதே.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மாப்ள சாம்