கம்பத்தில் கட்டிய மெத்தை

பிப்ரவரி 3, திங்கள்

காலை முழுவதும் மழை. ஞாயிற்றுக்கிழமை படியிறக்கச் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர்ப்பட்டியல் வந்துவிட்டது. முப்பத்திரண்டு பேர். இதில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் எட்டுப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள், மலையுச்சியிலிருந்து குதிக்கும்போதே கேமரா எங்கே என்று தேடுகிற ஜென்மங்கள். பத்தொன்பது வருடமாக இந்த மனிசாலெஸ் ஊரின் செங்குத்துத் தெருக்களில் இவர்களைப் படம்பிடிக்கிறேன். "நான் எப்படி இருக்கேன்?" என்பதைத் தவிர ஒருவனும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ரொட்டிக்கடையில் வெய்மார். போன வருடத்துச் சாம்பியன், அதனால் இந்த முறை எல்லோருக்கும் கடைசியாக இறங்குவான். கடையில் நாலு பேர் இருந்தார்கள், ஆகவே சத்தமாக:

"நூபியாக்கா, இந்தத் தடவையாவது என்னைத் தெளிவாப் புடிப்பீங்களா? இல்ல, கண்ணு மங்கிடுச்சா?"

"நீ ஒழுங்கா ஓட்டுடா. நான் ஒழுங்காப் புடிக்கிறேன்."

கூட நின்ற கழுதைகள் சிரித்தன. பத்து நொடி ஓடும் காணொளிக்கு மேல் எதையும் பார்த்திராத முகங்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

தீதியேர் வந்தான். கொசு மாதிரி ஒரு ட்ரோன் பெட்டியை வானத்தில் அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பொரித்த எம்பனாதா தின்பவனுக்கும் இப்போது பெயர் புகைப்படக்காரன். "எங்க நிக்கப்போறீங்கன்னு சொல்லுங்கக்கா, உங்களுக்குக் குறுக்க வராமப் பறக்கவிடுறேன்" என்றான்.

சொல்லவில்லை. பணிவைப் போல எரிச்சலூட்டும் வேஷம் வேறில்லை.

பிப்ரவரி 8, சனி

ஒத்திகை. இடம் பிடித்துவிட்டேன். நூற்று நாற்பது படிகள் இறங்கி, ஒரு வீட்டுக் கூரையளவு உயரத்திலிருந்து பறந்து விழுந்து, அந்த வேகத்திலேயே இடப்பக்கம் திரும்ப வேண்டிய வளைவு. பின்னால் நீலச் சுவர். சாய்வாக வெயில். எல்லாம் சரி, அந்த மெத்தையைத் தவிர.

திருப்பத்தில் ஒரு மின்கம்பம். யாரும் மோதிச் சாகக்கூடாது என்று ஓவிதியோ அதில் ஒரு பழைய மெத்தையைக் கட்டியிருக்கிறார். ரோஜாப்பூ போட்டது, நடுவில் மூத்திரக் கறை. படச்சட்டத்துக்குள் சரியாக வந்து உட்காருகிறது.

"கொஞ்சம் தள்ளிக் கட்டக்கூடாதா?" என்று கேட்டேன்.

"ஏம்மா நூபியா, மெத்தை என்ன படத்துக்கா போட்டிருக்கு? மண்டை ஒடையாம இருக்கப் போட்டிருக்கும்மா."

முப்பது வருடம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது பந்தயம் நடத்துகிறார். இவரிடம் போய் அழகைப் பற்றிப் பேசினேனே.

பிப்ரவரி 9, ஞாயிறு

எடுத்துவிட்டேன். என் வாழ்நாளின் படம்.

வெய்மார் விழுந்தான். கம்பத்தில் இடித்து. இடுப்பெலும்பு போயிற்று, தோள்பட்டையும். மெத்தை கொஞ்சம் விலகியிருந்தது. அவனுக்கு எப்போதும் தேவைக்கு மேல் வேகம். திமிர். மோதப்போகிறோம் என்று காற்றிலேயே தெரிந்துவிட்டது அவனுக்கு. முகத்தில் அப்படியே இருக்கிறது. முதல் தடவையாகக் கேமராவைப் பார்க்காத வெய்மார்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். "விலகியிருந்தது." தானாகவா விலகும்?

நான்தான் நகர்த்தினேன். முதல் ஆள் இறங்குவதற்கு முன், காவலுக்கு நின்றவர் காப்பி வாங்கப் போன நேரம். கயிற்றைத் தளர்த்தி, மெத்தையைக் கம்பத்துக்குப் பின்பக்கம் தள்ளினேன். ஒரு முழம். நாலைந்து படம் எடுத்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றிருந்தேன். ஒவ்வொருவனாக இறங்கினான், ஒருவனும் கம்பத்தின் பக்கமே போகவில்லை. வெய்மாரும் வரட்டும் என்று விட்டேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

தலைநகர் பொகோட்டாவிலிருந்து ஒரு பத்திரிகை. அட்டைப்படத்துக்கு வேண்டுமாம். "மனித உணர்வின் உச்சம்" என்று எழுதியிருக்கிறான் ஆசிரியன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் இடுப்பு முறிவதில் உச்சம் காண்கிற நாய்.

அவனுக்குப் படத்தை அனுப்பியவள் யார்?

பிப்ரவரி 14, வெள்ளி

தீதியேர் கதவைத் தட்டினான். உட்காரவில்லை. கைப்பேசியை நீட்டினான். மேலிருந்து எடுத்தது: நீலச் சுவர், கம்பம், குனிந்து கயிற்றை இழுக்கும் ஒரு பெண்ணின் முதுகு. என் சிவப்பு மழைச்சட்டை.

"யாருக்கும் காட்டலக்கா. இது ஒண்ணுதான் இருக்கு. அழிச்சிடவா?"

பேரம் பேசுவான் என்று காத்திருந்தேன். பேசவில்லை.

"அழி" என்றேன்.

என் கண்முன்னே அழித்தான். "உங்க படங்களப் பாத்துதான்க்கா நான் இந்த வேலைக்கே வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது பார்த்த பார்வை இருக்கிறதே, அது கோபமில்லை. இரக்கம். எனக்கு! அந்தக் கொசுக்காரன் எனக்கு இரக்கப்படுகிறான்! சீ.

இனி சாட்சி இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்லெண்ணத்தில் போனேன் என்று எழுத மாட்டேன். தீதியேரின் தயவில் பிழைத்திருப்பது சகிக்கவில்லை, அதனால் போனேன்.

வெய்மார் அசையாமல் படுத்திருந்தான். மனைவி லூஸ் தாரி பக்கத்தில் மாண்டரின் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"எவ்ளோ நகத்துனீங்க?" என்றான்.

"ஒரு முழம்."

"படம் நல்லா வந்துச்சா?"

"வந்தது."

"சரி. கெளம்புங்கக்கா."

லூஸ் தாரி வாசல்வரை வந்தாள். கையில் பழத்தோல். "முப்பத்தோரு பேர் இறங்குற வரைக்கும் உங்களுக்கு அதத் திருப்பி வைக்கத் தோணவே இல்லையா?"

படியிறங்கிப் போய்க் காரில் ஏறினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஓவிதியோவிடமும் சொன்னேன். ஒன்பது நாளாக மனிதர் ஒரு கயிற்றுத் துண்டை மேஜைமேல் போட்டு முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் முடிச்சுதான் நழுவியது என்று.

"என் கை கட்டுன முடிச்சுன்னு நெனச்சேனேம்மா. தூங்கலையேம்மா நான்." பிறகுதான் கத்தினார். "இனி என் பந்தயத்துல உன் நிழல்கூட விழக்கூடாது!"

அவரை நான் பஸ் ஓட்டியவர் என்று இளக்காரமாக எழுதியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும், அந்த வரியை அடித்துவிடவில்லை. எழுதியவளுடைய லட்சணம் தெரியட்டும்.

படத்தைப் போட வேண்டாம் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன். காரணத்தோடு சேர்த்துப் போடலாமா என்று கேட்கிறான்!

மார்ச் 9, ஞாயிறு

சந்தையில் மூன்று பந்தயக்காரர்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். வெறுக்கக்கூட ஒழுங்காக வராது இவர்களுக்கு; ஒருவன் பழக்க தோஷத்தில் வணக்கம் சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 2, புதன்

கேமராவைத் தொட்டு ஏழு வாரம்.

மே 12, திங்கள்

லூஸ் தாரி போன் செய்தாள். "நடைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகணும். பஸ் படியில அவரால ஏற முடியல. புதன்கிழமை கூட்டிட்டுப் போவீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள், "மன்னிச்சிட்டோம்னு நெனச்சுக்காதீங்க. உங்ககிட்ட கார் இருக்கு, அதான்."

தெளிவான பெண். இந்த ஊரில் வேறு யாரும் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை.

மே 14, புதன்

போனேன். வெய்மார் பின்சீட்டில், ஊன்றுகோல்களை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு. இளைத்துப் போயிருக்கிறான். சாலையைப் பார்த்து ஓட்டினேன்; நான் பேசினால் ஏதாவது குத்தலாகத்தான் வரும், வேறு விதமாகப் பேசிப் பழக்கமில்லை எனக்கு.

அவர்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஒரே இறக்கம். மழை ஈரம். பாதியில் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்திருந்தான். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"மெதுவா" என்றான்.

இரண்டாவது கியரில்தான் போய்க்கொண்டிருந்தேன். முதல் கியருக்கு மாற்றினேன்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாக்கா."

பின்னால் வந்த டாக்சிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.